ஒரு ஆல்பம் முழுவதையும் ஒரே சோகக்கதையாகக் கேட்பது சரியா? பாடியவரே அப்படிச் சொல்லவில்லை என்றால்?

உங்களை யாரோ நன்றாகக் கலாய்த்திருக்கிறார்கள் என்பது கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. "பத்துப் பாட்டை வரிசையாக வைத்தால் அது கதையா?" என்று கேட்டிருப்பார்கள். எனக்கும் அது நடந்தது. அதனால்தான் வேலையைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் பதில்: தாராளமாகக் கேட்கலாம். பாடியவரின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கதைக்குள் அடங்காத பாட்டை அடங்கியதாகக் காட்டி ஏமாற்றக் கூடாது.

என்னை மாட்டிவிட்ட ஆல்பம் ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவியின் 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்', 1972. எழுச்சியும் வீழ்ச்சியும் என்று அதன் முழுத் தலைப்பிலேயே இருக்கிறது, அதனால் கதையே இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எவ்வளவு கதை என்பதுதான் தகராறு. உலகம் முடிய ஐந்தே வருடம் என்ற செய்தியோடு முதல் பாட்டு. கடைசிப் பாட்டின் பெயரிலேயே தற்கொலை. இடையில் ஜிக்கி என்ற ராக் பாடகன் வருகிறான், கூட்டம் அவனைத் தலையில் தூக்கி வைக்கிறது, கடைசியில் அந்தக் கூட்டமே அவனைத் தீர்த்துக்கட்டுகிறது.

முதல் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். டிரம் மட்டும் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல் ஆரம்பிக்கும். பியானோ சேரும், குரல் சேரும், போவி தொண்டை கிழியக் கத்துவார். எல்லாம் ஓய்ந்த பிறகும் அதே டிரம், அதே நடை. பாடியவர் அழுதாலும் அதற்குக் கவலை இல்லை. எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது.

ஒன்பதாவது பாட்டில் இன்னொரு விஷயம். அங்கே பேசுவது ஜிக்கி இல்லை, அவனோடு மேடையில் நின்று வாசித்தவன். ரசிகர்கள் ஆளைக் கொன்றார்கள், நான் குழுவைக் கலைக்க வேண்டியதாயிற்று என்று நடந்து முடிந்த கதையாகச் சொல்கிறான். உடனே பத்தாவது பாட்டு ஒரே ஆட்டம் பாட்டம். செத்தவன் எப்படி ஆடுகிறான்? அது அவனுடைய பழைய ராத்திரி, நண்பனின் நினைவில் ஓடுகிறது என்பது என் வாசிப்பு. அப்படிக் கேட்டால் அந்தக் கும்மாளம் வயிற்றைப் பிசையும்.

இதையெல்லாம் நீளமாக எழுதி, இசை ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுவில் போட்டேன். இசைத்தட்டு சேகரிக்கும் ஒருவர் வந்தார். இசைத்தட்டின் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'இட் எய்ன்ட் ஈஸி' போவி எழுதியதே இல்லை, ரான் டேவிஸ் எழுதியது, முந்தைய ஆல்பத்துக்கான ஒலிப்பதிவின்போதே பாடி வைத்தது என்றார். 'ஸ்டார்மேன்' தனிப்பாட்டாக வெளியிட ஒன்று வேண்டும் என்று நிறுவனம் கேட்டதால் கடைசியில் வந்தது, அதற்காக வெளியே போனது சக் பெர்ரி என்ற பழைய ராக் பாடகரின் பாட்டு என்றார். என்னுடைய அருமையான பத்தாவது பாட்டை மாட் தி ஹூப்பிள் என்ற வேறொரு குழுவுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்று முடித்தார். எல்லோரும் அவருக்குக் கைதட்டல் போட்டார்கள்.

அவர் சொன்னது மூன்றும் உண்மை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பது ஒன்று, செய்து முடித்தபின் அது என்னவாக நிற்கிறது என்பது வேறு. 'ஸ்டார்மேன்' எந்தக் காரணத்துக்காக வந்தாலும், வானத்திலிருந்து ஒருவன் நம்மைக் காக்க வருவான் என்ற ஆசையை அந்தப் பாட்டுத்தான் கொடுக்கிறது. ஆசை காட்டாமல் வீழ்ச்சி எங்கே வலிக்கும்? சக் பெர்ரி பாட்டே இருந்திருந்தால் கதையின் நடுவில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

கதை என்று அறிவித்தே செய்த ஆல்பங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? பிங்க் ஃபிளாயிட் என்ற ராக் குழுவின் 'தி வால்', 1979, இரண்டு தட்டு, நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் முடிவில் இருந்த 'ஹே யூ' பாட்டைக் கடைசி நேரத்தில் அந்தப் பக்கத்தின் தொடக்கத்துக்கு மாற்றினார்கள். அதற்குள் பாட்டு வரிகளோடு உறை அச்சாகிவிட்டது. பாட்டு வரிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன, தட்டிலேயே இல்லாத ஒரு பாட்டின் வரிகளும் கூடவே. அதற்காக அதைக் கதை இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

'இட் எய்ன்ட் ஈஸி'க்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை, தேடப் போவதும் இல்லை. அது அங்கே சும்மா இருக்கிறது. "ஹீரோவின் மனப்போராட்டம்" என்று ஒரு வரியில் ஒட்டிவிடலாம். அப்படி ஒட்ட ஆரம்பித்தால் எந்த ஆல்பத்தையும் எந்தக் கதையாகவும் ஆக்கிவிடலாம். உங்களைக் கலாய்த்தவர் இதைச் சுட்டிக்காட்டினால் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு வெளியே நிற்பதால் மீதிக் கதை சரிந்துவிடாது.

இன்னொன்று. 1973 ஜூலை 3, லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கு. இதுதான் நாங்கள் செய்யும் கடைசி நிகழ்ச்சி என்று மேடையிலேயே அறிவித்துவிட்டு, போவி அந்தத் தற்கொலைப் பாட்டைப் பாடினார். பின்னால் நின்ற டிரம்மருக்கும் பேஸ் கிடார்காரருக்கும் அதுவரை விஷயம் தெரியாது. ஒன்பதாவது பாட்டில் சொன்னபடி குழு கலைந்தது. ஒட்டுப்போட்ட ஆல்பம் என்று சொல்பவர்கள் இதை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. சேகரிப்பாளரிடம் கேட்டேன், பதில் வரவில்லை.

கேட்பதாக இருந்தால் பழைய வரிசையிலேயே கேளுங்கள். 1990-இல் வந்த குறுந்தகட்டில் கூடுதலாக ஐந்து பதிவுகளைச் சேர்த்தார்கள். ஜிக்கி செத்து, வயலின்கள் ஓய்ந்த மறுநிமிடம் எழுந்து வந்து பாட ஆரம்பித்துவிடுவான். மாற்றி மாற்றிப் போடும் பொத்தானை அணைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாத என் வயிற்றெரிச்சல். நான் குழுவில் எழுதிய அந்தக் கட்டுரையை ஒரு வீடியோ சேனல் வரி மாறாமல், என் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல் திரையில் ஓடவிட்டு வாசித்தது. பெயரும் இல்லை, நன்றியும் இல்லை. கீழே "என்ன ஒரு பார்வை அண்ணா" என்று பாராட்டு வேறு. நான் போய்க் கேட்டதற்கு என் கமெண்ட்டை நீக்கிவிட்டார்கள். கதையே இல்லை என்று கைதட்டிய குழு நண்பர்கள் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, பார், எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்றார்கள்.

நீங்கள் எந்த ஆல்பத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. கமெண்ட்டில் பெயரைச் சொல்லுங்கள், பேசலாம்.