கணினிப் பெட்டிக்குள் போகும் யூஎஸ்பி கேபிளை நாமே அளவாகச் செய்துகொள்ளலாமா?

கேள்வி இதுதான்: லிக்விட் கூலரின் பம்புக்கு ஒன்று, ஃபேன் கன்ட்ரோலருக்கு ஒன்று என இரண்டு யூஎஸ்பி கேபிள்கள். இரண்டும் தேவைக்கு மேல் நீளம். சின்னப் பெட்டிக்குள் சுருட்டி வைக்க இடமில்லை. மதர்போர்டிலோ யூஎஸ்பி 2.0 ஹெடர் (உள் கேபிளைச் செருகும் ஊசிக் கூட்டம்) ஒன்றே ஒன்று. ஓர் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் ஹப் வாங்குவதா, இல்லை கேபிளையே நாம் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம். ஹப்பும் வேண்டாம். எனக்கும் நண்பர்களுக்குமாக இதுவரை ஒரு டஜன் கேபிளாவது செய்திருப்பேன். முதல் இரண்டும் குப்பைக்குத்தான் போயின. அவற்றில் கற்றதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஹப் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். அந்த ஹெடரை உற்றுப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து என்று 10 ஊசிகள் இருக்க வேண்டிய இடத்தில் 9தான் இருக்கும். ஒரு மூலை மட்டும் பொக்கையாக இருக்கும். அதுதான் 9ஆம் இடம்; செருகியை யாரும் திருப்பிப் போட்டுவிடக் கூடாது என்றே காலியாக விட்டிருக்கிறார்கள். ஒற்றைப்படை வரிசையில் 1 ஐந்து வோல்ட், 3 டி மைனஸ், 5 டி பிளஸ் (இவை இரண்டும் டேட்டாவுக்கு), 7 கிரவுண்ட். இரட்டைப்படை வரிசையில் 2, 4, 6, 8ம் அதே ஒழுங்குதான். மிச்சமுள்ள 10இல் எதையும் இணைக்க வேண்டாம். ஆக, ஒவ்வொரு வரிசையும் ஒரு முழு யூஎஸ்பி போர்ட். பம்போடு வந்த செருகிக்குப் பத்துத் துளை இருந்தாலும் பெரும்பாலும் ஒரு வரிசையில்தான் கம்பி ஓடும். மற்ற வரிசை சும்மா கிடக்கும். ஃபேன் கன்ட்ரோலருக்கு இடம் அங்கேயே இருக்கிறது. பத்துத் துளை ஹவுசிங் (செருகியின் பிளாஸ்டிக் கூடு) ஒன்றை எடுத்து, ஒரு வரிசையில் பம்பின் நான்கு கம்பிகளையும் மறு வரிசையில் கன்ட்ரோலரின் நான்கு கம்பிகளையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் ஒரே வரிசையில் இரண்டு கருவிகளைக் கட்ட முடியாது. ஐந்து வோல்ட்டைப் பங்கு போடலாம், டேட்டா கம்பியைப் பங்கு போட முடியாது. மூன்றாவது கருவி ஒன்று வந்து சேர்ந்தால் அப்போது ஹப்தான் வழி.

சரி, கேபிள். இரண்டு முனையையும் நாமே செய்ய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். கருவிப் பக்கம் மைக்ரோ யூஎஸ்பி என்றால் அதன் ஊசிகளுக்கு இடையே 0.65 மி.மீ.தான். அதில் சால்டரிங் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதை விட, அந்த முனை வார்க்கப்பட்ட ஆயத்தக் கேபிள் ஒன்றை வாங்கி, மறுபக்கத்தை மட்டும் வெட்டுவது புத்திசாலித்தனம். கருவியோடு வந்த அசல் கேபிளை வெட்டாமல் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள். கருவியில் அந்த நிறுவனத்துக்கே உரிய விசித்திரமான முனை இருந்தால் மட்டும் வேறு வழியில்லை, அசலைத்தான் வெட்ட வேண்டும். இன்னொன்று, வாங்கும் கேபிளில் ஒரு ஃபோனை மாட்டி ஒரு கோப்பையாவது நகலெடுத்துப் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே ஆகும் கேபிள்கள் உண்டு. ஆசையாக வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டே கம்பி இருக்கும்.

நீளத்தை அளக்க டேப் உதவாது. ஒரு நூலை எடுத்து, கேபிள் போக வேண்டிய வழியிலேயே, மதர்போர்டுத் தட்டின் பின்புறம், துளைகள், வளைவுகள் எல்லாவற்றையும் தொட்டு ஓட்டிப் பாருங்கள். வருகிற நீளத்தோடு ஐந்தாறு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கூட இருந்தால் நறுக்கலாம், குறைந்தால் ஒட்ட முடியாது.

வெட்டி எடுத்த மீதித் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் வரைபடம். சிவப்பு ஐந்து வோல்ட், கறுப்பு கிரவுண்ட், வெள்ளை டி மைனஸ், பச்சை டி பிளஸ் என்பது வழக்கம். எல்லாக் கேபிளும் வழக்கத்தை மதிப்பதில்லை. அந்தத் துண்டின் நான்கு கம்பிகளையும் சீவி, ஒன்றோடொன்று தொடாதபடி விரித்து வைத்து, அகன்ற ஏ முனையைச் சாதாரண ஃபோன் சார்ஜரில் செருகுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைச் சிவப்புக் கம்பியிலும் கறுப்பு முனையைக் கறுப்பிலும் வைத்தால் 5 வோல்ட்டையொட்டி ஏதாவது காட்ட வேண்டும். மைனஸ் குறியோடு காட்டினால் கம்பி இடம் மாறியிருக்கிறது. பிறகு சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் ஒலிக்கும் இடத்துக்குத் திருப்பி, முனையின் நான்கு தகடுகளையும் தொட்டுப் பாருங்கள். ஐந்து வோல்ட் தகட்டை ஒட்டி இருப்பது டி மைனஸ், கிரவுண்டை ஒட்டி இருப்பது டி பிளஸ். ஹெடரின் வரிசையிலும் இதே ஒழுங்குதான் என்பதால் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

இனி கிரிம்ப், அதாவது கம்பி நுனியில் டெர்மினல் என்ற சின்ன உலோக முனையை அழுத்திப் பிடிக்க வைப்பது. மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. 2.54 மி.மீ. இடைவெளிக்கான பெண் டெர்மினல்கள், கடைக்காரர்கள் டூபாண்ட் என்று சொல்வது, வேண்டும். டெர்மினலின் பின்பாதியில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைப் பிடிப்பதற்கு, பின் ஜோடி பிளாஸ்டிக் உறையைப் பிடிப்பதற்கு. இந்த ஒரு வாக்கியம் தெரியாமல்தான் என் முதல் கேபிள் செத்தது.

அந்தக் கதை: செய்து முடித்து மாட்டினேன். பெட்டி திறந்திருந்தபோது எல்லாம் ஒழுங்கு. பக்கவாட்டுப் பலகையை மூடியதும் பத்தே நிமிடத்தில் விண்டோஸின் அந்த 'டு-டுங்' ஓசை. பம்ப் மென்பொருளிலிருந்து மறைந்துவிட்டது. பம்புக்கு மின்சாரம் பவர் சப்ளையின் சாட்டா கேபிள் வழியாக வருவதால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கணினிக்கு மட்டும் அதைத் தெரியவில்லை. மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தேன். இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பலகையைக் கழற்றி, ஓடும் கணினியில் கேபிளை விரலால் லேசாக அழுத்தினேன். டு-டுங். விட்டேன், கருவி திரும்ப வந்தது. அணைத்துவிட்டுப் பச்சைக் கம்பியை இழுத்தால் அது மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது, டெர்மினல் ஹவுசிங்குக்குள்ளேயே நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன் இறக்கைகள் செம்பை விட்டுவிட்டு உறையைக் கடித்திருந்தன. இரண்டு மூன்று இழைகள் ஓரமாக உரசிக்கொண்டிருந்ததுதான் அத்தனை நாள் ஓடிய இணைப்பு.

அதனால் உறையை 2 முதல் 3 மி.மீ. வரை மட்டும் சீவுங்கள். உறை முடியும் விளிம்பு இரண்டு ஜோடி இறக்கைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தெரிய வேண்டும். டேட்டா கம்பிகள் பெரும்பாலும் 28 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), தலைமுடி மாதிரி இழைகள்; இந்த டெர்மினல்கள் 22 முதல் 28 கேஜ் வரை பிடிக்கும் என்பார்கள், ஆனால் 28இல் பிடி தளர்வாகவே இருக்கும். நான் செய்வது இது: இரு மடங்கு நீளம் சீவி, இழைகளை முறுக்கி, பாதியாக மடித்துவிடுவேன். பின் இறக்கைகளுக்காக உறையின் மேல், சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் மெல்லிய ஹீட் ஷ்ரிங்க் குழாய்த் துண்டு ஒன்று. கிரிம்ப் செய்ததும் டெர்மினலைச் சாமணத்தில் பிடித்துக் கம்பியைச் சுருக்கென்று ஓர் இழுப்பு. வந்துவிட்டால் இப்போதே வரட்டும். இதற்கென உள்ள கிரிம்ப் கருவி ஒன்றைக் கடனாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண குறட்டில் அழுத்தினால் டெர்மினல் தட்டையாகிவிடும், ஹவுசிங்குக்குள் போகாது. எட்டு டெர்மினல்தானே என்று இறங்கினால் பன்னிரண்டாவது செலவாகும், பாக்கெட்டாகவே வாங்குங்கள்.

ஹவுசிங்கில் தள்ளும்போது 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். இடம் மாறிப் போய்விட்டால் பதற்றம் வேண்டாம், பக்கவாட்டில் உள்ள சிறு நாக்கை ஊசியால் தூக்கினால் டெர்மினல் வழுக்கி வெளியே வந்துவிடும். எட்டும் உள்ளே போனபின் 9ஆம் துளையை ஒரு சொட்டுப் பசையால் கட்டாயம் அடையுங்கள். அடைக்காத ஹவுசிங் எந்தப் பக்கமும் போகும். தலைகீழாகப் போனால் கருவிக்குள் டேட்டா, மின்சாரம் எல்லாம் குழம்பிவிடும்.

டி பிளஸ்ஸும் டி மைனஸும் இடம் மாறினால் பொதுவாக எதுவும் எரியாது. இந்த இரண்டில் எந்தக் கம்பியில் கருவி வோல்டேஜை உயர்த்தி வைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான் கருவி வேகமானதா மெதுவானதா என்று கணினி முடிவு செய்கிறது. மாறிப் போனால் தப்பாகப் புரிந்துகொண்டு, அடையாளம் தெரியாத யூஎஸ்பி கருவி என்று புலம்பும், அவ்வளவுதான். ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் மன்னிப்பு கிடையாது. மாட்டுவதற்கு முன் மீட்டரில் இந்த இரண்டுக்கும் இடையே பீப் வரவில்லை என்பதை உறுதி செய்யுங்கள், அடுத்தடுத்த துளைகளுக்கு இடையிலும் அப்படியே. கணினியை அணைத்தால் மட்டும் போதாது, பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சையும் அணையுங்கள். பல போர்டுகளில் யூஎஸ்பி ஹெடருக்குக் கணினி தூங்கும்போதும் ஐந்து வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

பம்புக்குத்தான் சாட்டாவில் மின்சாரம் வருகிறதே, சிவப்புக் கம்பி எதற்கு என்று சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கணினியோடு இணைந்திருக்கிறோமா என்பதைப் பல கருவிகள் அந்த ஐந்து வோல்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன.

மெல்லிய கம்பி தாங்குமா என்ற பயமும் வேண்டாம். 30 செ.மீ. கேபிளில் போக வர 60 செ.மீ.; 28 கேஜில் அது சுமார் 0.13 ஓம். யூஎஸ்பி 2.0இன் முழு 500 மில்லி ஆம்பியரை இழுத்தாலும் 0.065 வோல்ட்தான் குறையும். டேட்டா ஜோடியின் முறுக்கை மட்டும் ஹவுசிங் வரை அப்படியே கொண்டுபோங்கள், கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் பிரித்தால் போதும். மேலுறைக்குள் இருக்கும் அலுமினியத் தாளைப் பின்னுக்கு வெட்டி, அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிடுங்கள். அது டெர்மினலில் பட்டால் வம்பு. அழகுக்குப் பாராகார்ட் என்ற பின்னல் கயிற்று உறை போடுவதெல்லாம் உங்கள் விருப்பம், முனையைக் கிரிம்ப் செய்வதற்கு முன்பே கோத்துவிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

முன்பக்க யூஎஸ்பி 3.0 கேபிளையும் இதே போலச் சுருக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அது 19 ஊசி, 2 மி.மீ. இடைவெளி, 5 ஜிகாபிட் வேகம். கையால் முறுக்கிய ஜோடியில் அந்த வேகம் நிலைக்காது. அதற்குக் குட்டைக் கேபிளாகவே தேடி வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஓடவிட்டு, மென்பொருளில் இரண்டு கருவியும் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் பலகையை வெறுமனே சாத்திவைத்து, ஓர் அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். 'டு-டுங்' கேட்கவில்லை என்றால் ஸ்க்ரூவைப் போடலாம்.