சரளை மண்ணில் வேலிக்கால் குழி: எந்தக் கருவி?

வணக்கம் ஐயா. மேலே ஓரடி மண்ணும் கீழே சரளையும் உள்ள நிலத்தில் 40 வேலிக்கால்களுக்கு இரண்டடிக் குழி எடுக்க, பெட்ரோல் ஆகர் (சுருள் அலகைச் சுழற்றி மண்ணில் குழி துளைக்கும் இயந்திரம்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கல்லில்லாத மண்ணில் அதற்கு ஈடில்லைதான். ஆனால் சரளையில் அதன் சுருள் அலகு ஒரு கல்லில் சிக்கிய கணமே, சுழலும் விசை முழுவதும் கைப்பிடிக்குத் திரும்பி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டையும் தோளையும் முறுக்கிவிடும்.

கனமான கடப்பாரை ஒன்றும், நீண்ட இரு பிடிகளும் எதிரெதிர் அலகுகளும் கொண்ட கைக்குழிதோண்டி ஒன்றும் போதும். கடப்பாரையால் கல்லை நெம்பித் தளர்த்திய பின், அலகுகளைத் திறந்தபடி ஓங்கி இறக்கிப் பிடிகளை விரித்தால், அலகுகள் மூடிக்கொண்டு மண்ணை அள்ளிவரும். வாங்கும்போது அலகுகளை இணைக்கும் திருகாணி ஆடுகிறதா என்று பாருங்கள்; முதலில் தேய்வது அதுதான். மண்வெட்டியால் இரண்டடி ஆழம் போக வேண்டுமானால் குழியின் வாயை மிக அகலமாக வெட்ட நேரும், அப்படிக் கிளறிய மண் வேலிக்காலை இறுகப் பிடிக்காது.

முந்தைய மாலை நீர் ஊற்றினால் மேல்மண் இளகும். சரளைக்கு அது பெரிதாக உதவாது. மூலைக்கால்களுக்கு மட்டும் அரையடி ஆழம் கூட்டுங்கள், ஏனெனில் கம்பியின் இழுவிசை பெரும்பாலும் அவற்றின் மீதுதான் விழுகிறது.