டெஹ்ரி கார்வால் சமஸ்தானம்: சில கேள்விகள், சில பதில்கள்

சார், டெஹ்ரி கார்வால் பழைய ராஜ்யமா, வெள்ளைக்காரர் உண்டாக்கியதா?

இன்றைய உத்தரகண்ட் மலைப்பகுதியில் இருந்த சமஸ்தானம் அது. வம்சம் பழையது, எல்லை வெள்ளைக்காரர் போட்டது. 1804இல் டேராடூனில் குர்புரா போரில் கார்வால் ராஜா பிரத்யும்ன ஷா நேபாளத்துக் கூர்க்காக்களிடம் உயிரை விட்டார். மகன் சுதர்சன ஷா பதினொரு வருடம் நாடில்லாமல் இருந்தார். 1815இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கூர்க்காக்களை விரட்டியது. ஆனால் மேற்குப் பாதி மட்டும்தான் அவர் கைக்கு வந்தது. அலக்நந்தாவுக்குக் கிழக்கே உள்ள நிலமும் டேராடூனும் கம்பெனிக்குப் போயின. பழைய தலைநகரான ஸ்ரீநகரும் (காஷ்மீரில் உள்ளது வேறு) அப்படியே போய்விட்டது. அதனால்தான் பாகீரதியும் பிலங்கனாவும் கூடும் இடத்தில் டெஹ்ரி என்று புதுத் தலைநகர் எழுந்தது.

அப்படியானால் பத்ரிநாத் யார் பக்கம்?

பிரிட்டிஷ் பக்கம். ஆனாலும் டெஹ்ரி ராஜாவைத்தான் மக்கள் ‘போலாந்தா பத்ரி’, அதாவது பேசும் பத்ரிநாதர், என்று கும்பிட்டார்கள். கோயில் நடை திறக்கும் நாளை இன்றைக்கும் வசந்த பஞ்சமியன்று ராஜ குடும்பத்தின் நரேந்திரநகர் அரண்மனையில்தான் குறிக்கிறார்கள். இந்த பக்தியை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்த ஊரின் போராட்டங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஐயா, ஒரு வெள்ளைக்காரர் அங்கே தனி ராஜா மாதிரி வாழ்ந்தார் என்கிறார்களே?

பிரெடரிக் வில்சனைச் சொல்கிறீர்கள். ஹர்சிலில் குடியேறி, முதலில் வேட்டையாடிப் பிழைத்தார். அப்புறம் ராஜாவிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து தேவதாரு மரங்களை வெட்டி, பாகீரதியில் மிதக்கவிட்டு சமவெளிக்கு இறக்கினார். ரயில்பாதைக்குக் கட்டை தேவைப்பட்ட காலம் அது, பணம் கொட்டியது. லாபத்தைப் பார்த்த பிரிட்டிஷ் அரசே 1865இல் இருபது வருடத்துக்கு அந்தக் காடுகளைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஆடுமாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊரார் போய்வந்த காடு சமஸ்தானத்துக்கு வருமானம் தரும் சொத்தாக மாறியது அங்கேதான். பின்னால் வந்த சண்டைகளுக்கு வேர் இது என்பது என் கருத்து.

திலாரியில் என்ன நடந்தது?

அதற்கு முன் ‘தண்டக்’ என்ற வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதிகாரி கொடுமை தாங்காவிட்டால் ஊரார் வேலையைப் போட்டுவிட்டுக் கூட்டமாகத் திரண்டு ராஜாவிடம் முறையிடுவார்கள். கோபமெல்லாம் அதிகாரி மேல்தான். ராஜா கேட்டால் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. 1920களின் கடைசியில் ரவாயீன் பகுதியில் புதுக் காட்டு எல்லை போட்டு மேய்ச்சலையும் மர உரிமையையும் சுருக்கினார்கள். மக்கள் ‘ஆசாத் பஞ்சாயத்து’, அதாவது சுதந்திரப் பஞ்சாயத்து, அமைத்துக் கூடினார்கள். முறையீட்டைக் கேட்க வேண்டிய ராஜா நரேந்திர ஷா அப்போது ஐரோப்பாவில். திவான் சக்ரதர் ஜுயால் படையோடு வந்து, 1930 மே 30 அன்று யமுனைக் கரையில் திலாரி மைதானத்தில் கூடியிருந்தவர்களைச் சுட உத்தரவிட்டார். தப்பிக்க ஆற்றில் குதித்தவர்களும் உண்டு. செத்தவர் கணக்கில் அரசு சொன்னதும் ஊர் சொல்வதும் ஒத்துப்போகவே இல்லை. மன்னிக்க முடியாத கொலை அது.

ஸ்ரீதேவ் சுமன் 84 நாள் உண்ணாவிரதம் இருந்தது உண்மையா அண்ணா?

உண்மைதான். சமஸ்தானத்தில் மக்கள் உரிமைக்காகப் போராடியவர் அவர். 1944 மே 3 முதல் ஜூலை 25 வரை, டெஹ்ரி சிறையில், சாகும்வரை. உடலைக்கூடக் குடும்பத்திடம் கொடுக்காமல் பிலங்கனாவில் வீசினார்கள். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் கேட்டது மூன்றே விஷயம்: 1939இல் தொடங்கிய பிரஜா மண்டலம் என்ற மக்கள் உரிமை அமைப்புக்கு அங்கீகாரம், கடிதம் எழுத அனுமதி, தன் வழக்கின் மேல்முறையீட்டை ராஜாவே நேரில் விசாரிப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். காந்தி வழியில் வந்தவரும் பழைய ‘தண்டக்’ நடத்தியவர்களைப் போலவே ராஜா காது கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார். அதுவும் நடக்கவில்லை.

சமஸ்தானம் எப்போது முடிந்தது?

1948 ஜனவரியில் கீர்த்திநகரில் சமஸ்தான ஆட்சியை எதிர்த்துப் போராடிய நாகேந்திர சக்லானி, மோலு பர்தாரி இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்கள் அந்த உடல்களைச் சுமந்து டெஹ்ரிக்கே ஊர்வலமாகப் போனார்கள். அதன்பின் சமஸ்தான நிர்வாகம் நிற்கவில்லை. 1949 ஆகஸ்ட் 1 அன்று ஐக்கிய மாகாணத்தோடு (பின்னாளைய உத்தரப் பிரதேசம்) இணைந்தது.

போனால் எதைப் பார்க்கலாம்?

பழைய டெஹ்ரி அணை நீரில் மூழ்கிவிட்டது. நரேந்திரநகர் ரிஷிகேஷிலிருந்து பக்கம். திலாரிக்கு பட்கோட் வழியாகப் போங்கள். மே 30 அன்று போனால் அஞ்சலி செலுத்த வரும் கிராமத்தாரிடமே பேசலாம்.