இரண்டு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள்

கால் பெருவிரல் நகத்தில் பூஞ்சைத் தொற்றுக்காக அமோரால்ஃபின் 5% லாக்கர் (நகத்தில் பூசும் பூஞ்சை மருந்து) இரண்டு மாதமாகப் போட்டும் மஞ்சள் அப்படியே இருக்கிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இது ரொம்ப சீக்கிரம். கெட்டுப்போன நகம் மருந்தால் திரும்ப நல்ல நகமாகாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து பழையதை முன்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும், கால் நகமோ மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது, அதனால் 9 முதல் 12 மாதம் வரை பிடிக்கும். நுனியைப் பார்த்துக் கவலைப்படாமல் தோலை ஒட்டிய அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே தெளிவான நகம் வந்தால் மருந்து வேலை செய்கிறது.

அப்புறம், நகத்தைத் தேய்க்காமல் அப்படியே பூசுகிறேன் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் பூசும்முன் தடித்த பகுதியை அரத்தால் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட் பஞ்சால் பழைய பூச்சைத் துடைத்தெடுத்து, காய்ந்த பிறகு போடுங்கள், வாரம் ஒன்றிரண்டு முறை போதும். அதே அரத்தை நல்ல நகத்தில் வைக்காதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தாலோ, தொற்று நகத்தின் அடிவரை போயிருந்தாலோ லாக்கரை மட்டும் நம்பாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்துண்டைச் சோதிக்கச் சொல்லுங்கள், சொரியாசிஸ் என்ற தோல் நோயும் சில சமயம் நகத்தில் இதே மாதிரிதான் தெரியும்.