ஆயுர்வேதம் எங்கே தோன்றியது, அதன் அடிப்படை என்ன, மொரிஷியஸில் அதைக் கடைப்பிடிக்க முடியுமா?

ஆயுர்வேதம் வேதத்திலிருந்து வந்ததா, வாத பித்த கபம் எதைச் சொல்கிறது, இந்தியாவில் எழுதிவைத்தது நம் தீவுக்குப் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு, ஆயுர்வேதத்தின் பழைய ஆசான்களான சரகரையும் சுசுருதரையும் உரையோடு படிக்கத் தொடங்கினேன். உங்கள் மூன்றாவது கேள்விதான் என்னையும் படிக்க வைத்தது. முதல் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அதர்வ வேதத்தில் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மந்திரங்கள் உண்டு, மூலிகைகளின் பெயர்களும் உண்டு. அதனால் ஆயுர்வேதத்தை அதன் உபவேதம், அதாவது துணை வேதம், என்பது மரபு. ஆனால் இன்று நாம் ஆயுர்வேதம் என்று அறிகிற முறை சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும்தான் முழு உருவம் பெறுகிறது. சரக சம்ஹிதையும் ஒருவர் எழுதியதல்ல. ஆத்ரேயர் கற்பித்தார், மாணவர் அக்னிவேசர் எழுதினார், சரகர் திருத்தினார், பல காலம் கழித்துத் திருடபலர் விடுபட்ட பகுதிகளை நிரப்பினார். இப்படித்தான் 120 அத்தியாயங்கள் சேர்ந்தன. நோய் எதனால் வருகிறது என்று முனிவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி வாதாடும் அத்தியாயம் ஒன்று அதில் உண்டு. விவாதத்தை எப்படி நடத்துவது என்பதற்கே தனியாக விதிகள் எழுதியிருக்கிறார்கள். மூலிகைகளின் பெயரையும் உருவத்தையும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் காட்டில் வாழ்பவர்களும் அறிவார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது நூல். இந்த மனத்திறப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வாதம், பித்தம், கபம் மூன்றும் ஐம்பூதங்களின் சேர்க்கை. வாதம் ஆகாயமும் காற்றும், பித்தத்தில் நெருப்பு மேலோங்கும், கபம் நீரும் மண்ணும். அசைவது, செரிப்பது, பிணைத்து நிறுத்துவது என்று உடலின் வேலைகளை அவை பங்கிட்டுக்கொள்கின்றன. 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவர் சொன்னது இந்த மூன்றைத்தான். ஆனால் என் பார்வையில் ஆயுர்வேதத்தின் உயிர் இந்த மூன்றைவிட 'யுக்தி' என்பதில் இருக்கிறது. பல காரணங்கள் கூடி ஒரு விளைவைத் தருவதைக் காணும் அறிவுக்குச் சரகர் வைத்த பெயர் அது. தண்ணீர், உழவு, விதை, பருவம் நான்கும் சேர்ந்தால் பயிர் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. அதனால்தான் அதே மருந்து ஒருவருக்கு ஆகும், அடுத்தவருக்கு ஆகாது. ஆள், வயது, செரிமானம், நிலம், பருவம் எல்லாவற்றையும் பார்க்காமல் ஆயுர்வேதம் வாய் திறக்காது.

நம் தீவுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து, மார்கழி தை மாதங்களில் உளுந்து, எள், நெய், எண்ணெய்க் குளியல் என்று இங்கேயும் செய்கிறார்கள். முன்பனிக் காலமான ஹேமந்த ருதுவில் குளிர் வெளியே இருக்க வயிற்றுத் தீ உள்ளே வலுக்கும், ஆகவே கனமான உணவு செரிக்கும் என்பதுதான் அந்த அறிவுரைக்குக் காரணம். நமக்கோ மார்கழியும் தையும் உச்ச வெயில், புயல் காலம். தைப்பூசக் காவடி எடுப்பவர்களின் பாதங்களுக்கு அது தெரியும். நம் குளிர் ஆனி, ஆடியில். மாதப் பெயரை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். ஹேமந்தம் இங்கே ஜூன், ஜூலையில் வருகிறது. அத்துடன் நமக்கு வெயிலும் பெருமழையும் ஒரே பருவத்தில் சேர்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் செரிமானம் தளரும் என்கிறார் சரகர். அந்த மாதங்களில் எளிய உணவும் சூடான ராசோனும் (நம் ஊர் ரசம்) போதும்.

நிலமும் அப்படியே. வறண்ட நிலம், ஈர நிலம், இரண்டும் கலந்த நிலம் என்று நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. போர்ட் லூயியின் வெக்கையில் இருப்பவருக்கும் க்யூர்பீப் தூறலில் இருப்பவருக்கும் ஒரே பத்தியம் எப்படிப் பொருந்தும்? வயிறு கெட்டால் பாட்டிமார் போட்டுத் தரும் அயாபானா தென் அமெரிக்கச் செடி. எந்தச் சம்ஹிதையிலும் இல்லை. ஆனால் தக்க யுக்தியோடு பயன்படுத்தினால் மருந்தாகாத பொருள் உலகில் இல்லை என்று சரகர் எழுதியிருக்கிறார். அந்தக் கதவு வழியாக அயாபானா தாராளமாக உள்ளே வரலாம்.

சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இங்கே பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. பிரமேகம் என்ற தலைப்பில், சர்க்கரை நோயை ஒத்ததும் உட்பட, 20 வகை சிறுநீர் நோய்களைச் சரகர் விவரிக்கிறார். காரணங்களாக உட்கார்ந்தே சுகிப்பது, அதிகத் தூக்கம், தயிர், புது அரிசி, வெல்லத்தில் செய்த பண்டங்கள் என்று அடுக்குகிறார். கரும்புக்காகக் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் முன்னோர் அந்தக் கரும்பை வெட்டி வியர்த்தார்கள். நாம் உட்கார்ந்து தின்கிறோம். பிரமேகக்காரன் நூறு யோசனை (பழைய தூர அளவு) நடக்கட்டும் என்கிறார் சுசுருதர். அம்மா இப்போது தினமும் மாலையில் நடக்கிறார், டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடவில்லை.

அதை நீங்களும் விடாதீர்கள். இங்கே பாரம்பரிய மருத்துவத்துக்கு 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு பெற்ற வைத்தியரிடம் மட்டும் போங்கள். பாதரசம், ஈயம் கலந்த பஸ்பங்களைத் தபாலில் வரவழைத்துச் சாப்பிட வேண்டாம். நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பார்ப்பவர் என நான்கையும் மருத்துவத்தின் உறுப்புகளாகச் சரகரும் வள்ளுவரும் ஒன்றுபோலச் சொல்கிறார்கள். நோயாளிக்கு வேண்டிய நான்கு குணங்களில், தன் நிலையை மறைக்காமல் எடுத்துச் சொல்வதையும் சரகர் சேர்த்திருக்கிறார். வீட்டில் குடிக்கும் கஷாயத்தை ஆஸ்பத்திரி டாக்டரிடமும், விழுங்கும் மாத்திரையை வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள்.