அணுமின் நிலையமும் ஆய்வாளரின் அதிகாரமும் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைப் பற்றிய உங்கள் கட்டுரையில், உலையின் வடிவமைப்பைப் போலவே அதைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் தரமும் முக்கியமானது என்று எழுதியிருந்தீர்கள். நான் அணுத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அங்கே ஆய்வாளர் வரும் தேதி எங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். முந்தைய வாரம் முழுவதும் குழாய்களுக்கு வண்ணம் பூசுவோம். தீயணைப்பான்களில் புதிய சீட்டு ஒட்டுவோம். விடுபட்ட பதிவேடுகளை உட்கார்ந்து எழுதி நிரப்புவோம். அவரும் வந்து பதிவேடுகளைப் புரட்டிக் கையெழுத்திட்டுவிட்டுப் போவார். அணுமின் நிலையத்தில் மட்டும் இது வேறுவிதமாக நடக்கும் என்று எப்படி நம்புவது? எல்லா ஆய்வுகளையும் முன்னறிவிப்பில்லாத திடீர் ஆய்வுகளாக மாற்றிவிட்டால் சரியாகிவிடாதா? பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்க்கிறார்கள் என்றால், அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக ஓர் ஆணையம் எதற்கு? கடைசியாக, என்னைப் போன்ற ஒரு குடிமகன் இந்த ஆய்வுகளின் தரத்தை எதை வைத்து மதிப்பிடுவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆய்வுக்கு முந்தைய வாரத்து வண்ணப்பூச்சைப் பற்றி வெளியிலிருந்து குற்றம் சொல்பவர்கள் பலர். உள்ளே இருந்து செய்தவர் ஒருவர் எழுதும்போது அதற்கு வேறு எடை வந்துவிடுகிறது. ஆனால் திடீர் ஆய்வு என்ற தீர்வில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அணு உலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மிக முக்கியமான பாகங்களை எந்த ஆய்வாளராலும் அருகில் சென்று பார்க்க முடியாது. உலையின் அழுத்தக் கலன் தடித்த கான்கிரீட் கட்டடத்துக்குள், வெப்பக் காப்பு உறைக்கு அடியில், மனிதர் நெருங்க முடியாத கதிர்வீச்சுக்கு நடுவே இருக்கிறது. எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தும் காலத்தில், பெரும்பாலான உலைகளில் ஒன்றரை ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒருமுறை, சில வாரங்களுக்குத்தான் அதைத் திறந்து, பற்றவைப்புகளை மீயொலி கொண்டு சோதித்து, குழாய்களின் சுவர்த் தடிமனை அளக்க முடிகிறது. இந்தத் தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைத் திடீரென்று வைத்துக்கொள்ள வழியே இல்லை. முன்னறிவிப்பின்றி வரும் ஆய்வாளருக்கும் பயனுள்ள வேலை உண்டு: கட்டுப்பாட்டு அறையில் விதித்த எண்ணிக்கையில் தகுதி பெற்றவர்கள் இருக்கிறார்களா, தீத்தடுப்புக் கதவுகள் மூடியிருக்கின்றனவா, அவசரகால டீசல் மின்னாக்கிகளின் சோதனைக் குறிப்பு உண்மையில் ஓட்டிப் பார்த்து எழுதப்பட்டதா என்பதையெல்லாம் அவர் பார்க்கலாம். அமெரிக்காவில் 1978 முதல் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்களை நிலையத்திலேயே நிரந்தரமாக அமர்த்தும் முறை இருக்கிறது. மறுவருடம் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் விபத்து நடந்த பின் அது எல்லா நிலையங்களுக்கும் விரிவானது. நாள்தோறும் அங்கேயே இருப்பவர் வரும் நாளுக்காக யாரும் வண்ணம் பூச முடியாது. ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் அந்த ஆய்வாளரும் நிலையத்தாரில் ஒருவராகிவிடுவார் என்ற கவலையால், ஒருவர் ஒரு நிலையத்தில் ஏழாண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் வைத்திருக்கிறார்கள்.

இத்தனை ஏற்பாடும் இருந்த ஒரு நிலையத்தில்தான், என் வாதத்துக்கு அடிப்படையான நிகழ்ச்சி நடந்தது. ஓஹியோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தைச் சொல்கிறேன்.

டேவிஸ்-பெஸ்ஸியில் உள்ளது அழுத்த நீர் உலை, அதாவது நீரைக் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் வைத்துக் குளிர்விக்கும் உலை. இவ்வகை உலைகளில் குளிர்விக்கும் நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். உலையின் வினையைக் கட்டுப்படுத்தும் தண்டுகளுக்காக அழுத்தக் கலனின் மூடியைத் துளைத்து மேலே வரும் குழாய்களில் விரிசல் விழுந்தால், அதன் வழியாக அந்த நீர் கசிந்து, அமிலம் மூடியின் எஃகை அரிக்கத் தொடங்கும். 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேறொரு அமெரிக்க நிலையத்தில் இப்படிப்பட்ட விரிசல்கள் தெரியவந்ததால், அதே வகை ஆபத்து மிகுந்த உலைகளை ஆண்டின் இறுதிக்குள் சோதிக்க வேண்டும் என்று ஆணையம் எதிர்பார்த்தது. டேவிஸ்-பெஸ்ஸியை நடத்திய நிறுவனம், முந்தைய ஆய்வுகளில் மூடி நல்ல நிலையில் இருந்தது என்று சொல்லி, அடுத்த எரிபொருள் மாற்றம் வரை அவகாசம் கேட்டது. உலையை நிறுத்தும் ஆணையை ஆணையத்தின் அலுவலர்கள் வரைவாக எழுதியும் வைத்திருந்தார்கள். அது வெளியிடப்படவில்லை. 2002 பிப்ரவரி நடுப்பகுதி வரை ஓட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

மார்ச்சில், விரிசல் கண்ட குழாய் ஒன்றைப் பழுதுபார்க்கும்போது அந்தக் குழாய் சாய்ந்தது. ஏன் சாய்ந்தது என்று துப்புரவு செய்து பார்த்தபோது, 16 சென்டிமீட்டருக்கும் மேல் தடிமனுள்ள எஃகு அந்த இடத்தில் முழுவதுமாக அரிக்கப்பட்டு, ஒரு பெரிய குழியாக இருந்தது. அதற்கு அடியில், உட்புறப் பூச்சாக இடப்பட்டிருந்த, ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டுமே வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தகடு அழுத்தம் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல.

இந்தக் குழி யாருக்கும் தெரியாமல் உருவானதா? 2000-ஆம் ஆண்டின் எரிபொருள் மாற்றத்தின்போதே மூடியின் விளிம்பில் செந்நிறத் துரு வழிந்து கிடந்ததை நிலையத்தார் படம் எடுத்திருக்கிறார்கள். கட்டடத்துக்குள் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளின் வடிகட்டிகள், மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதுமானவை, துரு அடைத்துக்கொண்டதால் ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை மாற்றப்பட்டன. காற்றுக் குளிர்விப்பான்களில் படிந்த போரிக் அமிலத்தைத் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் எழுதப்பட்டது, கோப்பில் இருந்தது, ஆணையத்தின் ஆய்வாளர்களும் அதே வளாகத்தில் இருந்தார்கள். ஆணையத்தின் உள் தணிக்கை அதிகாரி 2002 டிசம்பரில் தந்த அறிக்கை, அவகாசம் தரும் முடிவில் நிறுவனத்துக்கு நேரக்கூடிய பண இழப்பைக் குறைக்கும் நோக்கம் பெரும்பங்கு வகித்தது என்று வெளிப்படையாகச் சொன்னது. பின்னாளில் அந்த நிறுவனம் ஆணையத்துக்குப் பொய்த்தகவல் தந்ததை ஒப்புக்கொண்டு 2 கோடியே 80 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. அணுப் பாதுகாப்பில் பெரும் சறுக்கல்களை எடுத்துப் பார்த்தால், ஆய்வாளர் கண்ணில் படாமல் போனதால் நேர்ந்தவை குறைவு. யாரோ பார்த்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். பார்த்ததை அடிப்படையாகக் கொண்டு "உலையை நிறுத்து" என்று சொல்லும் துணிவும், அதைச் சொன்ன பிறகும் பதவியில் நீடிக்கும் பாதுகாப்பும்தான் இல்லாமல் போயிருக்கின்றன. ஆயிரம் மெகாவாட் உலை ஒரு நாள் நின்றால் ஏற்படும் இழப்பு மிகப் பெரியது. அந்த இழப்பின் கணக்கு ஆய்வாளரின் மேசைக்கு வரவே கூடாது.

ஜப்பானின் கதை இதைவிட வேதனையானது. டோக்கியோ மின்சார நிறுவனத்தின் உலைகளில் ஆய்வுக் குறிப்புகள் திருத்தப்பட்டிருப்பதை, அங்கே ஆய்வுப் பணி செய்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர் 2000-ஆம் ஆண்டு அரசுக்கு எழுதித் தெரிவித்தார். அரசு தரப்பு அவருடைய அடையாளத்தை அந்த மின் நிறுவனத்துக்கே தெரிவித்துவிட்டது. உண்மை வெளிவர இரண்டு ஆண்டுகள் ஆயின. 2002 ஆகஸ்டில் அது வெடித்தபோது தலைவர்கள் பதவி விலகினார்கள். 2003 ஏப்ரலுக்குள் அந்நிறுவனத்தின் 17 உலைகளும் சோதனைக்காக நிறுத்தப்பட்டிருந்தன. மறைக்கப்பட்டவற்றுள் உலையின் உள்கூட்டில் கண்ட விரிசல்களும் இருந்தன. இங்கே விதியின் மீதும் ஒரு குற்றம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். எத்தனை நீள விரிசலோடு எத்தனை காலம் பாதுகாப்பாக ஓட்டலாம் என்று கணக்கிட்டு முடிவு செய்யும் முறை அப்போது ஜப்பானிய விதிகளில் இல்லை. பாகங்கள் புதியவை போலவே இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. பயன்பாட்டில் உள்ள எஃகு எதுவும் புதியதுபோல் இருக்காது. நிறைவேற்ற முடியாத விதி, நேர்மையானவனையும் மறைக்கத் தூண்டுகிறது. 2003-இல் அவர்கள் அந்த விதியை மாற்றினார்கள்.

அமைப்பை மாற்றவில்லை. அணுமின்சாரத்தை வளர்க்க வேண்டிய பொருளாதார அமைச்சகத்தின் கீழேயே அணுப் பாதுகாப்பு முகமையும் தொடர்ந்தது. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்துக்கு 15.7 மீட்டர் உயர சுனாமி வரக்கூடும் என்று, அதை நடத்திய டோக்கியோ மின்சார நிறுவனத்தின் சொந்தக் கணக்கீடு 2008-லேயே காட்டியது; நிலையம் தயாராக இருந்ததோ 6 மீட்டருக்கும் குறைவான அலைக்கு. அந்தக் கணக்கீடு பாதுகாப்பு முகமையிடம் தரப்பட்ட நாள் 2011 மார்ச் 7. அலை வந்தது மார்ச் 11. நாடாளுமன்றம் அமைத்த சுதந்திர விசாரணை ஆணையம், 2012 ஜூலையில் அளித்த அறிக்கையில், இது மனிதர்களால் விளைந்த பேரழிவு என்றும், கண்காணிக்க வேண்டியவர்கள் கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் பிடிக்குள் இருந்தார்கள் என்றும் எழுதியது. 1990-களின் தொடக்கத்தில், நீண்ட நேரம் மின்சாரம் முழுவதும் இல்லாமல் போகும் நிலைக்கு ஏற்பாடு தேவையில்லை என்பதற்கான காரணங்களை எழுதித் தரும்படி ஒழுங்குமுறைக் குழு மின் நிறுவனங்களிடமே கேட்டிருந்தது என்ற செய்தியும் அதில் உண்டு. நான் அந்த அறிக்கையில் படித்தவற்றுள் என்னை மிகவும் கலங்கவைத்தது இந்த ஒன்றுதான். தேர்வு எழுதுபவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்ததற்கு இது சமம். ஃபுகுஷிமாவில் உலைகள் உருகியது அந்த மின்சாரம் இல்லாமல் போனதால்தான்.

இனி பன்னாட்டு அணுசக்தி முகமை. அதன் ஆய்வாளர்கள் என்று செய்திகளில் நாம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அணுப்பொருள்கள் ஆயுதத்துக்குத் திருப்பப்படவில்லை என்பதைச் சரிபார்க்கச் செல்பவர்கள். யுரேனியம் கணக்கில் உள்ளபடி இருக்கிறதா, முத்திரைகள் உடையாமல் இருக்கின்றனவா, கேமராக்கள் ஓடுகின்றனவா என்பது அவர்கள் வேலை. குழாயில் விரிசல் இருக்கிறதா என்பது அவர்கள் வேலை அன்று. பாதுகாப்பைப் பார்க்கும் குழுக்களையும் அந்த முகமை அனுப்புகிறது. ஆனால் அவை அந்தந்த நாடு அழைத்தால் மட்டுமே வரும், பரிந்துரைதான் செய்யும். எந்த உலையையும் நிறுத்தும் அதிகாரம் முகமைக்கு இல்லை. 1994-இல் உருவான அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை, பாதுகாப்பின் முதற்பொறுப்பு உரிமம் பெற்றவருடையது என்றும், அணுசக்தியை வளர்க்கும் அமைப்புகளிலிருந்து ஒழுங்குமுறை அமைப்பு பயனுள்ள வகையில் பிரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உரிமம் தருவதும் அதைப் பறிப்பதும் அந்தந்த நாட்டு ஆணையத்தால் மட்டுமே முடியும். ஆகவே அது தேவை.

பதிவேடுகளை நிரப்புவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது சிறு தவறு என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு எரிபொருள் ஆலையில் 1999-இல் எரிபொருள் வில்லைகளின் விட்டத்தை இரண்டாம் முறை அளந்து சரிபார்க்க வேண்டிய ஊழியர்கள் சிலர், அளக்காமல் பழைய எண்களை நகலெடுத்து நிரப்பியது தெரியவந்தது. வில்லைகள் பயன்பாட்டுக்குத் தகுதியானவையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் ஜப்பானுக்கு அனுப்பிய எரிபொருளைக் கடல் வழியே திருப்பிக் கொண்டுவர நேர்ந்தது. ஏனெனில் ஆய்வாளர் ஒரு நிலையத்தின் மிகச் சிறு பகுதியைத்தான் தம் கண்ணால் பார்க்கிறார். மீதியை நிலையத்தாரின் பதிவுகளை நம்பியே மதிப்பிடுகிறார். ஒரு பக்கம் பொய் என்றால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி சோதிக்க வேண்டும். தன் குறைகளைத் தானே கண்டுபிடித்து ஏராளமாக எழுதிவைத்திருக்கும் நிலையத்தைப் பார்த்து நல்ல ஆய்வாளர் மகிழ்வார். குறையே இல்லாத பதிவேட்டைத்தான் அவர் ஐயத்தோடு திறக்க வேண்டும்.

ஒரு குடிமகன் எதை வைத்து மதிப்பிடுவது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஓர் ஆண்டில் எத்தனை ஆய்வுகள் நடந்தன என்ற எண்ணிக்கையை எல்லா ஆணையங்களும் பெருமையோடு வெளியிடும். அதைப் படித்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஆய்வில் கண்டவை வெளியிடப்படுகின்றனவா என்று பாருங்கள். பிரான்சில் ஒவ்வொரு ஆய்வுக்குப் பின்னும் நிலையத்துக்கு எழுதப்படும் கடிதம், கண்ட குறைகளோடும் கேட்ட திருத்தங்களோடும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியாகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு குறையும் அதன் தீவிரத்துக்கேற்ப பச்சை, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று வகைப்படுத்தப்பட்டு அறிக்கையில் வருகிறது. இத்தகைய ஆவணங்கள் கிடைக்கும் இடத்தில், அடுத்தடுத்த இரண்டு ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படியுங்கள். பராமரிப்பில் இருந்தவர் நீங்கள். மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் புரியும். ஒரே குறை இரண்டிலும் இருந்தால், முதல் முறை கண்டபோது அதைச் சரிசெய்ய எந்தத் தேதி விதிக்கப்பட்டது, அந்தத் தேதி கடந்த பின்னும் உலையை ஓட்ட யார் கையெழுத்திட்டு அனுமதித்தார்கள், அதற்கு அவர் எழுதிய காரணம் என்ன என்று ஆணையத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஆவணங்களே கிடைக்காத இடத்தில், அவற்றை வெளியிடச் சொல்லிக் கேட்பதுதான் முதல் கடிதமாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்