கவுண்டி கண்காட்சிப் போட்டியில் வீட்டு ஜாமையும் பின்னல் வேலையையும் வைப்பது எப்படி?

அமெரிக்காவில் குடியேறி, வீட்டில் செய்த ஜாமையும் குரோஷே பின்னலையும் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) கண்காட்சியில் போட்டிக்கு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு ‘ஓப்பன் கிளாஸ்’ என்ற பொதுப் பிரிவு உண்டு.

முதல் வேலை, அந்தக் கண்காட்சியின் ‘பிரீமியம் புக்’ என்ற போட்டிக் கையேட்டைப் படிப்பது. பிரிவுகள், பரிசுத்தொகை, பதிவின் கடைசி நாள் எல்லாம் அதில்தான் இருக்கும். ஜாமுக்கு ஒரு பிரிவு, வடிகட்டிய பழச்சாற்றில் செய்யும் ஜெல்லிக்கு வேறொன்று. பிரிவு மாறினால் அருமையான ஜாம்கூட ஒதுக்கப்படலாம்.

ஜாமில் சுவைக்கு முன் பாதுகாப்பைத்தான் பார்ப்பார்கள். ஜாடியின் விளிம்புக்குக் கீழே கால் அங்குலம் காலியாக விட்டு நிரப்பி, மூடி, ஜாடியோடு கொதிநீரில் பதப்படுத்த வேண்டும். மேலே மெழுகு ஊற்றி மூடும் பழைய வழக்கம் வேண்டாம், அது பாதுகாப்பானதல்ல. அங்குள்ள ஊறுகாய்ப் பிரிவும் பெரும்பாலும் வினிகரில் போட்ட வெள்ளரி போன்றவற்றுக்கானது. நம் எண்ணெய் மாங்காய் ஊறுகாயை அனுப்புவதற்கு முன் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பின்னலைத் துவைத்து, வடிவம் நேராக்கிக் கொடுங்கள். நடுவர்கள் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள். நூல் முனைகள் தொங்கக் கூடாது.

முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை. ஆனால் ‘டேனிஷ்’ என்ற மதிப்பீட்டு முறையில் ஒவ்வொரு பொருளும் மற்றதோடு ஒப்பிடப்படாமல் அதன் தரத்தை வைத்தே மதிப்பிடப்படுவதால், பலருக்கு நீலம் கிடைக்கும். எனக்கு அந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. ரிப்பன் வராவிட்டாலும் நடுவர் எழுதிய குறிப்பு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.